அக்கா ‘பிகாஸ்’ சொன்ன சாயங்காலம்

என் அக்கா ஒரே ஒரு சொல்லுக்காக வேலையை மாற்றிக்கொண்டு போனவள். திருடவில்லை, யாரையும் ஏசவில்லை, மேலதிகாரியோடு மல்லுக்கு நிற்கவில்லை. மைக்கில் ஒரு சொல் சொன்னாள். அந்தச் சொல்லும் கடைசியில் பலித்துத்தான் போனது. ஆனாலும் மறுநாளே மைக்கை விட்டு இறங்கிவிட்டாள். இப்படி ஒரு பைத்தியக்காரியை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் அடங்குவதற்குள் கண்ணும் கலங்கிவிடுகிறது.

அது என்ன அப்படிப்பட்ட சொல் என்று கேட்பீர்கள். ‘பிகாஸ்.’ அவ்வளவுதான்.

அப்பா படகுத்துறையில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா நேராக அங்கே போய், அப்பாவின் ஸ்டூலுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்து விளையாடிவிட்டு, சட்டையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அக்காவுக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். தூக்கத்தில் அவள் ஏதாவது முணுமுணுத்தால், “பாரு, இங்கிலீஷ்ல கனவு காணுது” என்பாள் அம்மா. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு டிக்‌ஷனரி பார்க்கிற பெண்ணை வேறு எந்த வீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் இருந்தாள்.

படிப்பு முடிந்ததும் அவளுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. முதலில் நுழைவாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை. மைக்கில் இருந்தவருக்கு ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. “இங்கிலீஷ் யாருக்கு வரும்?” என்று படகு நேரங்களைக் கவனிக்கிற கன்ட்ரோலர் கேட்க, எல்லோரும் அக்காவைக் கை காட்டினார்கள். ஒரு நாளைக்கு என்று மேலே ஏறியவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தொண்டை சரியாகி வந்தவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “இவளே இருக்கட்டும், கேக்க நல்லா இருக்கு” என்று சொல்லி டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட மனிதர்களும் இருந்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் அவள் குரல் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருக்கும். குளியலறையில் நான் கொஞ்சம் நேரம் எடுத்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவாள். மைக் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு நிதானம் வந்து ஒட்டிக்கொள்ளும். பேசுவதற்கு முன்னால் லேசாக ஒரு செருமல். அந்தச் செருமல் கேட்டதும் பயணிகள் கூடத்தில் இருக்கிற எல்லோரும் தலையைத் தூக்குவார்கள்.

அந்தக் கூடம் இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது. டீசலும், ஈரக் கயிறும், யாரோ தரையில் சிந்திய டீயும் சேர்ந்த வாசனை. உயரமான கூரை. வருஷக்கணக்கில் முதுகு சாய்ந்து சாய்ந்து வழவழத்துப்போன மர பெஞ்சுகள். நாலு மூலையிலும் ஒலிபெருக்கி, அதில் ஒன்று உடைந்து எப்போதும் கரகரக்கும். மாடிப்படி முடிகிற இடத்தில், அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் அறை. அதுதான் மைக் ரூம். உள்ளே ஒரு மேசை, கழுத்து வளைந்த மைக், ஒரு சிவப்பு சுவிட்ச், பழைய திரைச்சீலையைக் கிழித்து அவளே தைத்த மெத்தை போட்ட நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தெரியும். யார் யாரை வழியனுப்புகிறார்கள், யார் அழுகிறார்கள், யார் சண்டை போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொல்லுவாள்.

படகு நேரத்துக்கு வந்தால் வேலை சுலபம். தாமதமானால்தான் வம்பு. கன்ட்ரோலர் ஒரு துண்டுச் சீட்டில் படகின் பெயரையும் தாமதத்தின் காரணத்தையும் எழுதி மேலே அனுப்புவார். அதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் இவள் அறிவிக்க வேண்டும். தமிழில் பிரச்சினையே இல்லை. எந்த எழவாக இருந்தாலும் ‘காரணமாக’ என்று ஒரு சொல் போதும். மழை காரணமாக, எஞ்சின் கோளாறு காரணமாக, நிர்வாகக் காரணமாக. பிறகு வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டால் முடிந்தது. இங்கிலீஷில்தான் அவள் திண்டாடினாள். அங்கே அதே வேலைக்கு மூன்று சொல் இருக்கிறதாம். பிகாஸ், சின்ஸ், ஆஸ். ஃபார் என்று நான்காவதும் உண்டாம். புத்தகம் எழுதுகிறவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும், படகுக்கு ஒத்துவராது என்று தள்ளிவிட்டாள்.

“மூணும் ஒண்ணுதானே? வாயில வர்றதைச் சொல்லிட்டுப் போயேன்” என்றேன் ஒரு நாள். துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

“ஒண்ணு இல்லடி” என்றாள். “வெளிய மழை கொட்டுதுன்னு வை. எல்லாருக்கும் தெரியும். நான் புதுசா சொல்ல என்ன இருக்கு? அப்போ சின்ஸ். மழைதான் பெய்யுதே, பாத்துட்டுத்தானே இருக்கீங்கன்னு அர்த்தம்.”

“சரி, பிகாஸ்?”

“அது நான் பொறுப்பு ஏத்துக்கிற சொல்லு. காரணம் இதுதான், எனக்குத் தெரியும். நானே கண்ணால பாத்தேன், இல்ல பாத்தவங்க என்கிட்ட நேர்ல சொன்னாங்க. அடிச்சுச் சத்தியம் பண்ற மாதிரி.”

“அப்போ ஆஸ் எதுக்கு?”

“அது சும்மா. சீட்டுல எழுதிக் குடுத்தாங்க, வாசிக்கிறேன். எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பாதி இலக்கணமாக இருக்கலாம், பாதி இவளாகச் சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். ஆனால் விளையாட்டாக அவள் சொல்லவில்லை. ‘எஞ்சின் கோளாறு’ என்று சீட்டு வந்தால், கீழே இறங்கிப் போய்ப் பட்டறை மெக்கானிக்கைப் பிடித்து, “நெசமாவே எஞ்சினா?” என்று கேட்பாள். அவர் தலையாட்டினால் மேலே வந்து பிகாஸ் சொல்லுவாள். அவர் தலையைச் சொறிந்தால் ஆஸ். மாடிப்படி ஏறி இறங்கியே அவளுக்கு முழங்கால் போனது. வாங்குகிற சம்பளத்துக்கு இது தேவையா என்று அம்மா கேட்பாள். அக்கா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

வீட்டில் எனக்குத்தான் இதனால் பெரிய தொல்லை. அந்த வயதில் நான் தாமதமாக வீடு திரும்புகிறவள். பஸ் வரவில்லை, சிநேகிதிக்கு உடம்பு சரியில்லை, செருப்பு அறுந்துவிட்டது என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். அக்கா தலையைக்கூடத் தூக்காமல், “ஆஸ்” என்பாள். அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டுவிடும். கொஞ்ச நாளில் அம்மாவும் பிடித்துக்கொண்டாள். “உன் ஆஸை எல்லாம் நீயே வச்சுக்கோ, உள்ள வந்து சாப்பிடு” என்பாள். இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாத எங்கள் அம்மா.

இதைக் கூடத்தில் முதலில் கண்டுபிடித்தவர் போர்ட்டர். மூட்டை தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப்போன மனிதர், அதனால் எல்லோரும் அவரைச் சாய்மானம் என்றே கூப்பிடுவார்கள். ஒரு நாள் மாடிப்படியில் அக்காவை நிறுத்தினார்.

“அம்மா, ஒண்ணு கேக்கலாமா? நீங்க ஆஸ்னு சொன்னா அந்தப் படகு லேசுல வர்றதில்ல. பிகாஸ்னு சொன்னா டீ ஆறறதுக்குள்ள வந்துருது. நான் பாத்துக்கிட்டே வர்றேன்.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அப்படி எல்லாம் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அது சரிதானே? காரணம் நிஜம் என்றால் யாரோ அதைப் பார்த்துச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள், படகு வந்துவிடும். காரணம் இட்டுக்கட்டியது என்றால் படகு எங்கே இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது. இதை நிறுத்திவிட வேண்டும் என்று கொஞ்ச நாள் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். முடியவில்லை. “தெரியாத காரணத்துக்கு பிகாஸ்னு சொல்ல வாயத் தொறந்தா நாக்கு ஒட்டிக்குதுடி” என்று என்னிடம் வந்து புலம்பினாள்.

சாய்மானம் சும்மா இருப்பாரா? ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பேப்பர் கடைக்காரர், கேன்டீன்காரர், அக்கரையில் வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்காகக் காத்திருக்கும் பெண்கள் என்று எல்லோருக்கும் இது அத்துப்படி ஆயிற்று. இங்கிலீஷில் தங்கள் பெயரை எழுதத் தெரியாதவர்கள் இந்த மூன்று சொல்லை மட்டும் பெற்ற பிள்ளைகளின் பெயரைப் போலத் தெரிந்துவைத்திருந்தார்கள். அக்கா தமிழில் அறிவிக்கும்போது பேசிக்கொண்டே இருப்பார்கள். இங்கிலீஷ் தொடங்கியதும் கூடம் கப்சிப் ஆகிவிடும். ஆஸ் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். சின்ஸ் என்றால் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார்கள். பிகாஸ் என்றால் காலை நீட்டி உட்காருவார்கள். வெளியூர்ப் பயணிகள் ஒன்றும் புரியாமல் முழிப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சிரிப்பு வரும். கன்ட்ரோலருக்கு மட்டும் கடைசிவரை விஷயம் தெரியாது. “இங்கிலீஷை யாரு கேக்கறாங்க, உங்க இஷ்டத்துக்குச் சொல்லுங்க” என்றுதான் அவர் சொல்லுவார்.

நான் கட்டிக்கொண்டவர் நீலப் படகில் எஞ்சின் ஆள். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த அன்றே தாமதமாக வந்தார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஒரு நீளமான காரணம் சொன்னார். சாலையில் மரம் விழுந்துவிட்டதாம். அக்கா அடுக்களையிலிருந்தே, “ஆஸ்” என்றாள். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கல்யாணம் ஆகி எங்கள் வீட்டோடேயே வந்து தங்கிய பிறகு, ஒரு நாள் அவர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“உங்க அக்கா என்னை ஏதோ கெட்ட வார்த்தைல திட்டறாங்களா?”

விளக்கிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அக்காவுக்கு அவர் ஆஸ் மாப்பிள்ளை. அவருக்கு அக்கா மைக். “மைக் சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைப்பார்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால் நேரம் கிடைக்கவில்லை என்பாள். அது பிகாஸா ஆஸா என்று நான் கேட்டதில்லை. சில விஷயங்களைத் தங்கச்சி கேட்கக் கூடாது.

நான் அப்போது பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராகப் படகுத்துறைக்கு வருவேன். மைக் ரூம் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பெஞ்ச் உண்டு. அதன் ஓரம் என்னுடைய இடம். மேலே அக்கா தெரிவாள். நான் கையை ஆட்டினால் அவள் ஆட்ட மாட்டாள், டியூட்டியாம். புருவத்தை மட்டும் லேசாகத் தூக்குவாள். நீலப் படகு வரும், அவர் கையைக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டு இறங்கி வருவார், அக்காவின் டியூட்டியும் முடியும். மூன்று பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்போம். வழியில் ஒருவர் காலை ஒருவர் வாருவதுதான் பேச்சு. அந்த நடையை மட்டும் யாராவது எனக்குத் திருப்பித் தந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

அன்றைக்கு நீலப் படகு வரவில்லை.

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மழை இல்லை, காற்று இல்லை, மூடுபனி இல்லை. வர வேண்டிய நேரம் தாண்டியது. அடுத்த படகும் வந்துவிட்டது. அதிலிருந்து இறங்கியவர்கள் நீலப் படகை வழியில் பார்க்கவில்லை என்றார்கள். முந்தின வருஷம்தான் மணல் ஏற்றிப் போன ஒரு படகு அக்கரைக்குப் போகிற வழியில் இருக்கும் கழிமுகத்தில் கவிழ்ந்து, போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அன்றைக்கும் வானம் இப்படித்தான் இருந்தது.

கூடத்தில் கூட்டம் சேர்ந்தது. நீலப் படகின் சமையல்காரர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் மடியில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.

“உங்க அக்கா இன்னும் ஒண்ணும் சொல்லலையே” என்றாள்.

“சொல்லுவா” என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

கன்ட்ரோலரின் ஆள் சீட்டோடு மாடி ஏறுவதைப் பார்த்தேன். அக்கா அதை வாங்கிப் படித்தாள். உடனே எழுந்து கீழே வந்தாள். என்னைப் பார்க்காமல் கூடத்தைக் கடந்து வயர்லெஸ் அறைக்குப் போனாள். பட்டறைக்குப் போனாள். திரும்பி வந்து படி ஏறினாள். எப்போதும் வேகமாக ஏறுகிறவள், அன்றைக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள்.

கூடமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேப்பர் கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்து நின்றார். சாய்மானம் தூக்கிய மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வானம் தெளிவாக இருந்ததால் சின்ஸுக்கு அங்கே இடமில்லை. மிச்சம் இருந்தது இரண்டே சொல். அவள் ஆஸ் சொன்னால் என் புருஷன் எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது என்று அர்த்தம். நான் வேண்டாத தெய்வம் இல்லை. பிகாஸ் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல். அவர் வர வேண்டும் என்றுகூட நான் வேண்டவில்லை. அக்கா அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அவர் தானாக வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

ஜன்னல் வழியே அக்கா என்னைப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கவில்லை. சும்மா பார்த்தாள். பிறகு குனிந்து சுவிட்சைப் போட்டாள். செருமல் கேட்டது.

நீலப் படகு எஞ்சின் கோளாறு காரணமாகத் தாமதமாகும் என்று தமிழில் சொன்னாள். பிறகு இங்கிலீஷில் தொடங்கினாள். படகின் பெயர் வந்தது. தாமதம் வந்தது. ஒரு சின்ன இடைவெளி. அப்புறம், தெளிவாக, நிறுத்தி, ‘பிகாஸ்’ என்றாள்.

சாய்மானம் மூட்டையைத் தரையில் போட்டார். “பிகாஸ். கேட்டியா? பிகாஸ். வந்துரும்மா, வந்துரும்” என்று சமையல்காரர் மனைவியிடம் சொன்னார். அவள் குழந்தையின் தலையில் முகத்தை வைத்து அழுதாள். கூடத்தில் பேச்சு மறுபடி தொடங்கியது. கேன்டீன்காரர் அடுப்பை ஏற்றினார். நான் ஒரு டீ வாங்கிக் குடித்தேன், ஒரு பன்னும் சாப்பிட்டேன். அதோடு நிற்கவில்லை. அந்த மனுஷன் வந்து இறங்கியதும் என்னென்ன கேட்டு அவரை வறுத்தெடுக்க வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்த ஆரம்பித்தேன். எஞ்சினை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை, இதில் பெரிய எஞ்சின் ஆள் என்று பெயர் வேறு. அவர்மேல் கோபப்பட முடிந்ததே எனக்கு எவ்வளவு பெரிய சுகமாக இருந்தது தெரியுமா?

விளக்கு போட்ட பிறகு நீலப் படகு வந்தது. ஒரு குறையும் இல்லாமல், எப்போதும் போல ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. எல்லோரும் துறைக்கு ஓடினார்கள். அவர் இறங்கி வந்தார். தொடை வரைக்கும் சேறு, முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு.

“எஞ்சினுக்கு என்ன ஆச்சு?” என்று சண்டையை ஆரம்பித்தேன்.

“எஞ்சினா? எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லையே. ஒதுக்குப்புறமா ஒரு மணல்திட்டுல ஏறிட்டோம். வயர்லெஸ்ஸும் செத்துப் போச்சு. இறங்கித் தள்ளிப் பாத்தும் அசையல, தண்ணி ஏறற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தோம். நாங்க எங்க இருக்கோம்னு இங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காதேன்னுதான் கவலை.”

நான் சேர்த்துவைத்திருந்த சண்டை எல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது. யாருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. வயர்லெஸ் அறையிலும் பட்டறையிலும் அவளுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சீட்டே யாரோ வாய்க்கு வந்ததை எழுதியது. அவள் ஆஸ் சொல்லியிருக்க வேண்டும். திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. அவர் தப்பி வந்த சந்தோஷத்தில் நான் கையை ஆட்டினேன். அவள் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு மூன்று பேரும்தான் நடந்தோம். அவர் மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் அக்கா கன்ட்ரோலரிடம் போய்த் தொண்டை சரியில்லை, பார்சல் பிரிவுக்கு மாற்றுங்கள் என்று கேட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் அவள்மேல் குறை சொல்லவில்லை. குறை சொல்வதற்கு என்ன இருந்தது? கூடம் முழுக்க அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது. சொன்னபடி படகு வந்தது, அத்தனை பேரும் உயிரோடு வந்தார்கள். வீட்டில் நான் ஒற்றைக் காலில் நின்று சண்டை போட்டேன்.

“படகு வந்துச்சா இல்லையா? யாருக்கு என்ன கெட்டுப் போச்சு?”

“வந்துச்சு” என்றாள். “நான் சொல்றப்போ அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதே.”

“அதுக்காக?”

“அந்தப் பொண்ணு ரெண்டு குழந்தைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. படகு வராம போயிருந்தா நான் அவ முகத்துல எப்படி முழிப்பேன்? இனிமே நான் சொல்ற பிகாஸை என்னாலயே நம்ப முடியாதுடி.”

“அப்புறம் எதுக்குச் சொன்ன?”

“என்னவோ, வாயில வந்துருச்சு” என்றாள்.

“இது ஆஸ்” என்றேன். அவள் சோறு போட எழுந்து போனாள்.

அவள் மைக்குக்குத் திரும்பவே இல்லை. பார்சல் பிரிவில் பெட்டிகளை எடை போட்டு, கயிறு கட்டி, முகவரிச் சீட்டு ஒட்டி, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றாள். மைக்கில் புதிதாக ஒரு பெண் வந்தாள். எல்லாவற்றுக்கும் ‘டியூ டு’ என்று ஒரே சொல்லாகச் சொன்னாள். சாய்மானம் பார்சல் கவுண்டரில் வந்து நின்று அழாத குறையாகச் சொல்லுவார்.

“அம்மா, அந்தப் பொண்ணு மழைக்கும் டியூ டு, எஞ்சினுக்கும் டியூ டு. டீ குடிக்கலாமா வேணாமான்னே தெரியல. நீங்களாவது சொல்லுங்க, இது பிகாஸா ஆஸா?”

“எனக்குத் தெரியாதுங்க. மேல கேளுங்க” என்பாள் அக்கா. பெட்டியின் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டுவாள்.

வீட்டில்கூட அந்த விளையாட்டு நின்றுபோனது. நான் வேண்டுமென்றே தாமதமாக வந்து, கதை கட்டி, அவள் ஆஸ் சொல்லுவாளா என்று பார்த்திருக்கிறேன். “கை கழுவிட்டு வா” என்பாள். மாப்பிள்ளை அவளை மைக் என்று கூப்பிடுவதைத் தானாகவே விட்டுவிட்டார். அம்மா போகும்வரைக்கும், “அவ வாயில அந்த இங்கிலீஷ் நல்லா இருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிகாஸ் என்ற சொல்லை அதற்குப் பிறகு அக்கா ஒரு தடவைகூட எடுக்கவில்லை. நான் எத்தனையோ முறை கேட்டேன், ஏன் சொன்ன, ஏன் சொன்ன என்று. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஆஸ். தலை சுற்றலாக இருந்ததாம். வரி தவறிவிட்டதாம். நான் விட்டுவிட்டேன்.

போன மாதம் என் மகள் அக்கரையில் புது வீடு பார்த்துக் குடிபோனாள். அவளைப் பார்க்க மூன்று பேரும் கிளம்பினோம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் கூடத்துக்குள் நுழைந்தேன். மர பெஞ்சுகளில் பாதி அப்படியே இருந்தன. என் பெஞ்சும் இருந்தது. அதில் அவர் நடுவில் உட்கார்ந்தார், நாங்கள் இரண்டு பக்கமும். ஆயுசு முழுக்க எஞ்சின் சத்தத்தில் இருந்ததால் அவருக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்காது. உட்கார்ந்த உடனே குறட்டைவிட ஆரம்பித்தார். இந்த மனுஷனுக்காகத்தான் அன்றைக்கு அந்தப் பாடுபட்டேனா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு அவர் தலை சரியாமல் இருக்க என் தோளைக் கொடுத்தேன்.

படகு தாமதம் என்று பதிவு செய்த குரல் ஒன்று சொன்னது. டியூ டு. அக்கா உதட்டைப் பிதுக்கினாள். மைக் ரூமைப் பார்த்தாள். அங்கே இப்போது மைக் இல்லை, ஜன்னலுக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகளை அடுக்கிவைத்திருந்தார்கள். அவள் கண் அந்த ஜன்னலுக்கும் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் போய்ப் போய் வந்தது.

“இப்பவாவது சொல்லு” என்றேன். “எனக்கும் வயசாச்சு, உனக்கும் வயசாச்சு. இவருக்குக் காதும் கேக்காது. அன்னிக்கு ஏன் அந்தச் சொல்லைச் சொன்ன? தலை சுத்துச்சு, வரி தப்பிச்சுன்னு எல்லாம் வேணாம். நெசமான காரணத்தைச் சொல்லு.”

அக்கா ஒரு தடவை மேலே ஜன்னலைப் பார்த்தாள். அவர் மடியிலிருந்து வழுக்கிய குடையை எடுத்துச் சாய்த்துவைத்தாள். பிறகு லேசாகச் செருமினாள். பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“பிகாஸ்” என்றாள், மைக்கில் சொல்லுகிற அதே நிதானத்தில். “நீ இந்த பெஞ்ச்ல உக்காந்திருந்த. நான் கண்ணால பாத்தேன்.”